கூட்டாளி இல்லாத வண்டி

வடகோடிப் பனிப்பிரதேசமான யாக்கூத்தியாவின் குளிர்காலச் சாலையில் யாரும் தனியாக லாரி ஓட்டுவதில்லை. உய்பான் ஓட்டுகிறான். ஏன் என்று அவனைக் கேட்டால், "எனக்குக் கூட்டாளி ராசியில்ல" என்பான். அது பொய். பதினைந்து குளிர்காலம் அவனுக்கும் ஒரு கூட்டாளி இருந்தான்: தங்கை புருஷன் கெஸ்கில். இருவரும் முன்னும் பின்னுமாகத்தான் போவார்கள்.

அந்த வருஷம் மலைக்கணவாயைத் தாண்டி இறங்கும்போது உய்பானின் பின் அச்சு முறிந்தது. முழுச் சுமையேற்றிய வண்டியால் இன்னொன்றை அந்தச் சரிவில் இழுக்க முடியாது. நின்ற வண்டியை ஒற்றையாய் விட்டுப் போகிறவனோடு அந்தச் சாலையில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கெஸ்கில் தயங்கினான். அவன் வண்டியில் இருந்தது ஆப்பிள்.

"நீ போ மாப்ளே. இங்க நின்னா பழமெல்லாம் கல்லாப் போயிடும். ஊருல சொல்லு, இழுக்க யாராவது வரட்டும்."

"நாளைக்கே ஆளோட வந்து நிக்கிறேன் மச்சான். எங்க ஓடிடப்போறேன்?"

நாளை வந்தது. ஆள் வரவில்லை. எஞ்ஜினை அணைத்தால் அது உறைந்து வெடித்துவிடும் என்று உய்பான் வண்டியை விட்டு நகரவில்லை. டீசல் தீர்ந்ததும் வண்டி தானே அணைந்தது. பிறகு மாற்று டயர்களை எரித்தான், பக்கப் பலகைகளைப் பிடுங்கி எரித்தான். உறைந்த மீனைச் சீவிச் சீவித் தின்றான். மாப்பிள்ளை எங்கேயோ பள்ளத்தில் விழுந்து கிடக்கிறானோ என்றுதான் பதறினான். பாவி, அவனுக்காக அழக்கூடச் செய்தான்.

கடைசியில் ஊர்ப்பக்கமிருந்து, அதே சாலையில் ஓட்டும் தெரெந்தியின் லாரி வந்தது. கிழவர் கதவைத் திறந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேய், நீயா! நீ கணவாயிலயே திரும்பிப் போயிட்டதா கெஸ்கில் சொன்னானே!"

"பொழைச்சிருக்கானா?"

"நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். வர்வாரா சாப்பாட்டுக்கடையில எல்லார் முன்னாடியும் சொன்னாம்ப்பா."

தெரெந்தி உய்பானுக்குக் கம்பளியைப் போர்த்தித் தன் வண்டியில் ஏற்றினார்.

வர்வாராவின் சாப்பாட்டுக்கடைக்குள் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தபோது, கெஸ்கில் குதிரைக்கறிச் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"மச்சான், கேளு. உள்ள நுழைஞ்சதும் 'கூட்டாளி எங்கடா'ன்னு எல்லாரும் கேட்டாங்க. விட்டுட்டு வந்தேன்னு சொல்ல வாய் வரல. சரக்கை இறக்கிட்டு நானே சத்தமில்லாம வந்துடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பனிக்காத்து புடிச்சுக்கிச்சு."

"காத்து நின்னுச்சே? அப்ப?"

கெஸ்கில் தாங்கிக்கொள்ளக் கிட்ட வந்தான். உய்பான் அவனைத் தள்ளிவிட்டான்.

"நான்தானேடா உன்னைப் போகச் சொன்னேன்! அதைச் சொல்லியிருந்தா ஒருத்தன் உன்னைத் தப்பாப் பேசியிருப்பானா? உன் மானத்துக்கு என் உசுருதான் கெடச்சுதா?"

ஆஸ்பத்திரியில் உய்பானுக்கு இடது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். தங்கை வந்து அழுதாள். அவளோடு பேசினான், சிரித்தான். அவள் புருஷன் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

அதன்பின் கெஸ்கிலோடு சேர்ந்து ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அவனும் தனியாகத்தான் ஓட்டினான். அடுத்த குளிர்காலத்தில், சாலை கடக்கும் உறைந்த ஆற்றின் மேல் அவன் வண்டி முன் சக்கரம் உடைந்து நின்றது. பின்னால் வந்தது உய்பான். நிறுத்தினான். தன் டீசல் கேனையும் ரொட்டியையும் இறக்கி வைத்தான். அவனும் முழுச் சுமையோடுதான் வந்திருந்தான்.

"ஊருல சொல்லுவியா மச்சான்?" கெஸ்கிலின் குரல் உடைந்திருந்தது.

உய்பான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தான். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று வழியெல்லாம் அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, பலமுறை.

வர்வாரா கடைக்குள் நுழைந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"கெஸ்கில் ஆத்துல நிக்கிறான். நான்தான் விட்டுட்டு வந்தேன். சங்கிலி எடுத்துக்கிட்டு வாங்க."

மூன்று பேர் எழுந்தார்கள். உய்பான் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு அவர்களுக்கு முன்னால் கிளம்பினான். ஆற்றில் அவனே குனிந்து, இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களோடு சங்கிலியை மாட்டினான். கெஸ்கில் பக்கத்தில் நின்று தேம்பினான். "இழுங்கப்பா" என்று உய்பான் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்.