அண்ணர் எடுக்காத உறுதிமொழி

நினைவு மலரில் இறந்தவரின் நல்லதை எழுத வேண்டும், எழுதுகிறவர் தன் கதையைச் சொல்லக்கூடாது என்பது நம்மவர் முறை. அண்ணரின் நல்லதை எழுத நான் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் அவருடைய கடைசி மாதங்களை எழுதும்போது என்னை ஒளித்துவிட்டு எழுத முடியாது. ஊரில் எனக்கு வாய்க்காரி என்று ஒரு பெயர் உண்டு. அந்த வாய் செய்த வேலையையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணர் வடமராட்சியில், பருத்தித்துறைக்குக் கிட்ட, எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா கண்மூடியபோது அண்ணருக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. தம்பி அம்மாவின் மடியில் கிடந்தான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஐயா என்றால் அண்ணர்தான். படித்துக்கொண்டே உழைத்தார், கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராகச் சேர்ந்தார், அம்மாவைக் கடைசிவரை கண்கலங்க விடாமல் பார்த்துக்கொண்டார். கலியாணப் பேச்சு வந்த போதெல்லாம் "தங்கச்சியின்ரை முடியட்டும்" என்பார். என்னுடையது முடியவில்லை, அவருடையது தொடங்கவுமில்லை. அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கொழும்பில் அவரை உடைத்தது வேலையல்ல, பரீட்சை. சிங்களத்தில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று சட்டம் வந்தது. அண்ணர் விடியக்காலையில் எழும்பிப் படித்தார். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தார். வாய்மொழிப் பரீட்சையில் மூன்று நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த அண்ணர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "கேக்கிறவன் விடையைத் தேடேல்லைப் பிள்ளை. பிழையைத் தேடுறான்." அதற்குப் பிறகுதான் அவர் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தார். எழுபத்திரண்டில் சிட்னிக்கு வந்தார். இரண்டு வருடத்தில் என்னையும் கூப்பிட்டார்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எங்களுக்கு. அண்ணருக்குப் பரமட்டாவில் ஒரு கட்டடக் கந்தோரில் வரைபட வேலை, எனக்கு மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டு அறையில் வேலை. சிட்னியில் அப்போது நம்மவர் குடும்பங்கள் குறைவு. யார் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு என்றாலும் எல்லோருக்கும் தெரியும். குடியுரிமை எடுக்கும் நினைப்பு எங்களுக்கு இருக்கவில்லை. பொதுநலவாய நாட்டவர் என்றபடியால் குடியுரிமை இல்லாமலே இங்கே வாக்குப் போட்டோம். போடாவிட்டால் தண்டம் என்பது வேறு கதை. தம்பி கொழும்பில் ஒரு கொம்பனியில் கணக்காளன். நாங்கள் மூவரும் கடிதத்தில் வாழ்ந்தோம்.

எழுபத்தேழு ஆவணியில் கொழும்பில் கலவரம். பத்து நாள் தம்பியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அண்ணர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் தந்தி வந்தது. அவன் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள், அவனை அகதியாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணர் சொன்னார்: "இனி அவன் அங்கை இருக்கேலாது."

நான் வந்த காலம் போலில்லை, இப்போது உடன்பிறந்தவரைக் கூப்பிடுவதென்றால் குடியுரிமை உள்ளவரின் ஸ்பொன்சர் கடிதத்துக்குத்தான் மதிப்பு என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள். அடுத்த கிழமையே நாங்கள் இருவரும் விண்ணப்பம் போட்டோம். நேர்முகத்தில் ஆங்கிலம் பேச வரவேண்டும், இந்த நாட்டுக் குடிமகனின் உரிமையும் கடமையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். கொழும்புப் பரீட்சையில் சூடுபட்ட அண்ணருக்கு அந்த அளவு போதவில்லை. நூல்நிலையத்தில் இருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். குசினிச் சுவரில் பெரிய தாளில் மூன்று கட்டம் கீறி ஒட்டினார்: மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம், நகரசபை. நான் வெங்காயம் உரிக்கும்போது கேள்வி வரும்.

"ரயில் பிந்தினால் ஆரை ஏசவேணும்?"

"மாநில அரசாங்கத்தை."

"குப்பை எடுக்க வராட்டில்?"

"நகரசபையை. ஆனால் உங்கடை சட்டையை நான் தோய்க்காட்டில் ஆரை ஏசுவியள்?"

"சட்டத்திலை அதுக்கு இடமில்லை," என்று சிரிப்பார். அந்த மாதங்களில் அவர் சிரித்ததை விரல்விட்டு எண்ணலாம்.

நடுவர் சபை என்ற பகுதியை மட்டும் அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒருவன் குற்றவாளி என்று சொல்ல, அவனைப் போன்ற பன்னிரண்டு சாதாரண மனிதர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு குடிமகனாக அண்ணரும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக அழைக்கப்படலாம். "பன்ரண்டு பேரைக் கேக்கினம் பிள்ளை," என்றார். "அங்கை ஒருத்தரையும் கேக்காமல் கூட்டிக்கொண்டு போறாங்கள்." அந்தக் கிழமைதான் தம்பியின் கடிதம் வந்திருந்தது. ஒழுங்கையில் இரண்டு பொடியளைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் எங்கே என்று பெற்றோருக்கே தெரியாதென்றும் எழுதியிருந்தான். கடித உறை பிரித்து ஒட்டியது மாதிரி இருந்தது.

நேர்முகம் பரமட்டாவில் நடந்தது. என்னை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அண்ணரின் முறை வந்தபோது கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரி நாலு கேள்வி கேட்டார். அண்ணர் பாடமாக்கியதில் பத்தில் ஒரு பங்குக்கும் வேலை வரவில்லை. கடைசியாக, குடிமகனானதும் இப்போது செய்ய முடியாத எதைச் செய்வீர்கள் என்று கேட்டார். கடவுச்சீட்டு, நடுவர் சபை, அரசாங்க வேலை என்று சுவர்த்தாளில் வரிசையாக விடை இருந்தது. அண்ணர் அதை விட்டுவிட்டு, "என் தம்பியைக் கூப்பிடுவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ எழுதினார். நல்லது என்று மட்டும் சொன்னார்.

அவர் என்ன எழுதினார் என்ற யோசனையில் எங்களுக்கு நாலு மாதம் போனது. தபால்காரர் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் அண்ணர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டு படியேறி வருவார். "என்ன அண்ணை?" என்றால் "வாயு" என்பார். நானும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மருத்துவமனையில் வேலை பார்த்தும் எனக்கு மூளை ஓடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்ட வேண்டும் போலிருக்கிறது.

எழுபத்தெட்டு மாசியில் இரண்டு பேருக்கும் அனுமதிக் கடிதம் வந்தது. பங்குனியில் நகரசபை மண்டபத்தில் உறுதிமொழி எடுக்க வரும்படி நாளும் குறித்திருந்தார்கள். அண்ணர் கோட்டைத் துப்புரவாக்கக் கடையில் கொடுத்தார். தம்பியின் படிவங்களை நிரப்பி, ஒப்பமிடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, மேசையில் வைத்தார்.

இரண்டு கிழமையில் ஊரிலிருந்து தந்தி வந்தது. சித்தப்பா காலமாகிவிட்டார். ஐயாவின் கூடப்பிறந்தவர், எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் ஒன்றும் கூடாது. நாள் எண்ணிப் பார்த்தேன். நகரசபை குறித்த நாள் துடக்குக்குள் விழுந்தது.

"அண்டைக்குத் துடக்கு கழிய இன்னும் பன்ரண்டு நாள் கிடக்கும். போகேலாது அண்ணை," என்றேன்.

"இது கோயில் இல்லைப் பிள்ளை, நகரசபை மண்டபம். மேயர் ரெண்டு வார்த்தை சொல்லுவார், தேத்தண்ணி தருவினம்."

"சத்தியம் செய்யப் போறியளோ, தேத்தண்ணி குடிக்கப் போறியளோ? துடக்கோடை செய்யிற சத்தியம் விளங்குமோ? சித்தப்பாவின்ரை முகத்திலைகூட முழிக்கேல்லை. துடக்கையாவது ஒழுங்காக் காப்பம்."

அண்ணர் கடிதத்தை எடுத்து விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினார். "இதைக் கேள். உறுதிமொழி எடுத்த நிமிசத்திலையிருந்துதான் குடிமகன். அதுவரைக்கும் இது வெறும் கடிதாசி. இதை வைச்சுத் தம்பிக்கு ஒண்டும் செய்யேலாது."

"அடுத்த முறை எடுப்பம். மூண்டு மாசந்தானே. அதுக்குள்ளை குடியா முழுகப்போகுது?"

இந்த வாயால் நான் சொன்னது அது.  வாழ்நாளில் என்னை எதிர்த்து வென்ற பழக்கம் அண்ணருக்கில்லை. தொலைபேசியை எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண், ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனியில் வாருங்கள் என்று இனிமையாகச் சொன்னாள். அண்ணர் நன்றி சொல்லிவிட்டுக் கோட்டை அலுமாரிக்குள் கொழுவினார்.

வைகாசியில் ஒரு காலை, "போட்டு வாறன் பிள்ளை" என்று வழமைபோல் சொல்லிக்கொண்டு இறங்கினார். பரமட்டா ரயில் நிலையப் படிகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். கூட வந்த கந்தோர் நண்பர் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணருக்கு நாற்பத்துநாலு வயது. மருத்துவமனைப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். நாளுக்கு நூறு பேருடைய படிவத்தைப் பார்க்கிறவள் நான். எந்த நாட்டுக் குடிமகன் என்ற இடத்தில் இலங்கை என்று எழுதினேன். 

ஐயர் இல்லாத ஊரில், புத்தகம் பார்த்துத் தேவாரம் பாடி அனுப்பிவைத்தோம். பத்தொன்பதாம் நாள் நகரசபை குறித்த நாள். போகப்போகிறேன் என்று சொன்னதும் வேறு மாநிலத்தில், மல்கிரேவில் இருக்கும் ஓர் அன்ரி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"கொள்ளி வைச்சுப் பத்தொன்பது நாளிலை மேடை ஏறப்போறியோ? உனக்கென்னடி பைத்தியமோ? அடுத்த முறை எடுக்கேலாதோ?"

"ஓம் அன்ரி, பைத்தியந்தான். அடுத்த முறை எண்டு ஒருக்காச் சொல்லிப் போட்டன். இனிச் சொல்லமாட்டன்."

வெள்ளைச் சேலையோடு போய் இருந்தேன். அண்ணரின் மறைவை நகரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. என் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் அவருடைய பெயர் ஒட்டியிருந்தது. பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணரின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரின் வாயில் நுழையாமல் இழுபட்டு வந்த பெயர். யாரும் எழும்பவில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் எழும்பி நின்று, அவர் செத்துப்போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. நாகரிகமாகச் சொல்ல எத்தனையோ ஆங்கிலச் சொல் இருக்கிறது, எனக்கு அந்த நேரம் ஒன்றும் வரவில்லை.

மேயர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். பிறகு நான் உறுதிமொழி எடுத்தேன். குரல் உடையவில்லை. அண்ணரின் பெயர் தட்டெழுத்தில் அடித்த சான்றிதழ் மேசையில் இருந்த அடுக்கில் கிடந்தது. கேட்டேன். உறுதிமொழி எடுக்காதவரின் தாளைக் கொடுக்க முடியாது என்று எழுதுவினைஞர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அண்ணர் இருந்திருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம் என்று சொல்லியிருப்பார். அடுத்த நாள் காலை தம்பியின் படிவங்களில் அந்த வெறுமையான இடத்தில் நான் ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த வெள்ளைக்கார நண்பருக்கு, தேவாரம் பாடியவர்களுக்கு, ஒரு மாதம் எனக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கு, தொலைபேசியில் ஏசினாலும் பிறகு ரயிலேறி வந்து என்னோடு பத்து நாள் நின்ற மல்கிரேவ் அன்ரிக்கு, இந்த மலரை ஊரில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கும் உறவினருக்கு.

கொடுக்கும்போது ஒரு உதவியும் செய்யுங்கள். தம்பியின் அனுமதி இந்தச் சித்திரையில் கொழும்பிலுள்ள அவுஸ்திரேலியத் தூதரகத்துக்கு வந்துவிட்டது. புரட்டாதி வரைக்குந்தான் அது செல்லும். அவனுடைய கடைசிக் கடிதம் மாசியில் வந்தது. இரவில் ஜீப் வருகிறது, வீட்டில் படுப்பதில்லை என்று எழுதியிருந்தான். அதன் பிறகு நான் எழுதிய மூன்று கடிதமும் திரும்பி வந்துவிட்டன, தந்திக்கும் பதில் இல்லை. பங்குனியில் அண்ணர் உறுதிமொழி எடுத்திருந்தால் அந்த அனுமதி அவன் கையில் தையிலேயே கிடைத்திருக்கும். அவன் பெயரை இங்கே நான் எழுதவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும். அவன் எங்கே நிற்கிறான் என்று உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். யாரிடமும் கேட்காமல், நாள் நேரம் பார்க்காமல், வீட்டில் யார் செத்துக் கிடந்தாலும் நில்லாமல் கொழும்புக்கு வெளிக்கிடச் சொல்லுங்கள். அக்கா சொன்னவ என்று சொல்லுங்கள். இன்னொரு மலருக்கு என்னால் எழுத ஏலாது.

தங்கை,
ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி