அவள் ஜெபிக்காத நாட்கள்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பசுமலையில் ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். நான் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவன். பரவை, சோழவந்தான், உசிலம்பட்டிப் பக்கம் என்று வாரத்தில் பாதி நாள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கழியும். நான் கிளம்பியதும் என் மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி எனக்காக ஜெபிப்பாள். மில்லுக்குப் போகிறவர்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள். “ஐயாவ ஜெபத்துல தாங்கணும்” என்பார்கள். கேட்க ஆளில்லாத சந்தைத் திடலில் நிற்கும்போதும், யாராவது சாணியை எறியும்போதும், இந்நேரம் அவர்கள் முழங்காலில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மேலே பேசத் தொடங்கிவிடுவேன்.

அந்தக் கோடையில் எங்கள் மகள் தளர்நடை பழகிக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. லேசான காய்ச்சல்தான். மருந்து கொடுத்துத் தொட்டிலில் போட்ட பிறகுதான் பரவைக்குக் கிளம்பினேன். பெண்கள் வந்திருக்கிறார்கள். பாடி, ஜெபித்து எழுந்து பார்த்தபோது பிள்ளை வலிப்பு வந்து விறைத்துக் கிடந்திருக்கிறது. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சந்தையில் நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் சைக்கிளில் வந்து சேதி சொன்னார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். என் மனைவி அழவில்லை.

“உங்களுக்காகத்தான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். பிள்ள அம்புட்டுப் பக்கத்துல கெடந்துச்சு. ஒரு தடவ கண்ணத் தெறந்து பாத்திருக்கக் கூடாதா?”

“கர்த்தர்...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாங்க. எங்கிட்ட பிரசங்கம் பண்ணாதீங்க.”

அடுத்த வாரம் பெண்கள் வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை. அவர்களில் மில்லில் வேலைபார்த்த அம்மாள் என்னைத் தெருவில் நிறுத்திச் சொன்னார்: “நாங்க எங்க வீட்டுல கூடிக்கிறோம் ஐயா. அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க.”

“ஊழியத்தை விட்டுறட்டுமா?” என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்.

“விட்டா பிள்ள வந்துருமா? போங்க” என்றாள். கட்டுச்சோற்றை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

போனேன். அந்தப் பெண்கள் எனக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும், என் வீட்டில் எனக்காக யாரும் முழங்காலில் இல்லை என்பது பேசும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊரில், மழையில்லாமல் வெள்ளாமை கருகிப்போன ஒரு சம்சாரி எழுந்து கேட்டார்: “ஐயா, உங்க பிள்ளையவே உங்க சாமி காப்பாத்தலையாமே?”

“ஆமாண்ணே, காப்பாத்தல” என்றேன். வேதபுத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்து நேராக அந்த மில் அம்மாளிடம் போனேன். “எனக்காக ஜெபிச்சது போதும்மா. அவளுக்காக ஜெபிங்க” என்றேன். அந்தப் பெண்கள் ஜெபித்ததோடு நிற்கவில்லை. வேலை முடிந்து ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேதத்தைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல் அவளோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தார்கள், அரிசி புடைத்தார்கள். சில நாள் சும்மாவே இருந்தார்கள். இப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: “போன ஊர்ல பிள்ளைங்க யாருக்காச்சும் காய்ச்சலா?”

ஒரு கூலிக்காரர் வீட்டுக் குழந்தை படுத்திருப்பதைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்கள் திறந்தே இருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. மறைக்கத்தான் நினைத்தேன். அவள் விடாமல் கேட்டதால் சொன்னேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். எங்கள் மகள் பேரைச் சொல்லி அழுதாள்.

மறுவாரம் நான் திருப்பரங்குன்றத்துக்குக் கிளம்பும்போது அந்தப் பெண்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். திரும்பி வந்தபோது, எனக்காகவும் ஜெபித்தாளா என்று நான் கேட்கவில்லை.