இரண்டு கைக்கல், ஒரு காப்பு

அரவையக்காவின் வேலை தானியம் அரைப்பது. அரைத்த மாவை மனிதர் யாரும் சாப்பிடக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி.

வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டபோது யாரோ தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அருங்காட்சியகத்தின் பின்பக்கம் பழைய பொருள்களை இழுப்பறை இழுப்பறையாக வைத்திருக்கும் கிடங்கு. அதை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒரு தாழ்வாரம். அங்கே கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு அவளை மண்டியிடச் சொன்னார்கள். முன்னால் ஒரு முழ நீளத்துக்கு அடிக்கல். அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் தள்ள ஒரு கைக்கல். ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்தான். முன்னும் பின்னுமாகத் தள்ளி நாளைக்கு இரண்டு கிலோ பார்லி அரைக்க வேண்டும். அரைத்த மாவை எடை போட்டு எழுதிக்கொண்டு கோழிப்பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அப்புறம் எதுக்கும்மா அரைக்கிறது?" என்று கேட்டாள்.

"கல்லு தேயறதுக்குத்தான்க்கா," என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். பூமியைத் தோண்டியபோது ஒரு கைக்கல் கிடைத்திருக்கிறது. ஆறாயிரம் வருஷத்துக்கு முந்தையது. அதன் ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. எதை அரைத்து, எப்படி அரைத்து அப்படித் தேய்ந்தது என்று தெரிய வேண்டும். அதற்காக அதே ஆற்றிலிருந்து அதே மாதிரி ஒரு கல்லை எடுத்து, பார்லி அரைத்துத் தேய்த்து, இரண்டையும் பூதக்கண்ணாடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு அரவையக்கா வீட்டுக்கு வந்து புருஷனிடம், "மாவுக்காகக் கல்லு இல்லையாம், கல்லுக்காக மாவாம்," என்றாள்.

அவள் புருஷன் தெருமுனையில் தகரப் பெட்டிக்கடை வைத்துச் சாவி போடுகிறவர். "அடிக்கல்லுன்னு சொன்னியே, நாட்டறதுக்கு மந்திரி யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். தெருவில் அந்தப் பேச்சு ஒரு மாதம் ஓடியது. அரவையக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புப் பிழிந்தவள் என்பதும், பிழிகிற இயந்திரம் வந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்பதும், அப்போது அவளுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை என்பதும் தெருவுக்கு மறந்துபோயிற்று.

வேலைக்கு எடுத்ததே அந்தத் தோளையும் கையையும் பார்த்துத்தான். மற்ற பெண்கள் கால் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட, இவள் ஒரு மணி நேரம் அரைத்துவிட்டு, "இன்னும் போடுங்க," என்றாளாம்.

இரண்டாவது விதி, கையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் உலோகமே கிடையாதாம். மோதிரத்தை அன்றே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். காப்புதான் வரவில்லை. சலவைக்கூடத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கிய பித்தளைக் காப்பு. வாங்கியபோது மணிக்கட்டு இரண்டு விரல் மொத்தம். பிழிந்து பிழிந்து கை பருத்துவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள், பிளாஸ்டிக் பையைச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"ரம்பத்தை எடுக்கட்டா? ரெண்டு நிமிஷ வேலை," என்றார் புருஷன்.

"இது கை. உங்க பூட்டு இல்ல."

மறுநாள் காப்பை முழங்கைப் பக்கமாக ஏற்றி, ஒரு துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, முழுக்கை ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு போனாள். "கழட்டிட்டீங்களாக்கா?" என்று கேட்ட பெண்ணிடம், "கழட்டிட்டேன் டாக்டரம்மா," என்றாள். அந்தப் பெண் காப்பைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, "நான் இன்னும் டாக்டர் ஆகலக்கா, இந்தக் கல்லு தேய்ஞ்சாத்தான் ஆவேன்," என்றாள். பேச்சு அதோடு போயிற்று. கல்லைப் போய்க் காப்பு என்ன செய்துவிடும் என்று அரவையக்காவும் அதை மறந்துவிட்டாள். வேர்வையில் துணி நழுவி, காப்பு மணிக்கட்டுக்கு இறங்கி வந்த நாள்களும் உண்டு. எத்தனை நாள் என்று அவள் கணக்கு வைக்கவில்லை.

ஆறு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் போனபோது தாழ்வாரத்தில் கோணிப்பை போட்டிருக்கவில்லை. உள்ளே மேசைக்கு மேலிருந்த தண்ணீர்க் குழாய் உடைந்து, தரையெல்லாம் வெள்ளம். ஆராய்ச்சிக்காரப் பெண் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் இரண்டு கைக்கல். ஒட்டியிருந்த காகிதச் சீட்டு இரண்டும் ஊறிக் கழன்று தட்டின் ஓரத்தில் கூழாகக் கிடந்தன.

"இதுல எது பழசுக்கா?" என்றாள்.

அரவையக்கா சிரிக்கப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"எடை போட்டுப் பாக்கலாமே டாக்டரம்மா?"

"போட்டேன். ரெண்டு கிராம்தான் வித்தியாசம். புதுசு அரைக்க அரைக்கக் குறையுது, இன்னிக்கு எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? அதே அளவு, அதே நிறம்னு நான்தான் ஆத்துல நாலு நாள் தேடி எடுத்தேன்." பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பழசோட படமும் எடையும் இருக்கு, தோண்டின அன்னிக்கு எடுத்தது. ஒரே மண்ணு. கழுவி நல்லாப் படம் எடுக்கத்தான் போன வாரம் இழுப்பறையிலேர்ந்து வெளியவே எடுத்தேன்."

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆள் வந்து இழுப்பறைகளைச் சரிபார்க்கப் போகிறார்கள். அதற்குள் பழைய கல் தன் இடத்துக்குப் போயாக வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் போட்டதுதான். ஆற்றங்கரைக் கல் ஒன்று ஆறாயிரம் வருஷப் பெயரோடு இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். ஆறாயிரம் வருஷத்துக் கல் இந்தத் தாழ்வாரத்தில் பார்லி அரைத்துத் தேய்ந்து, மாவோடு மாவாகக் கோழிப்பண்ணைக்குப் போகும்.

"ஆறு மாசமாப் பிடிச்ச கல்லுக்கா. உங்க கைக்குத் தெரியாதா?"

அரவையக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி அசைத்துப் பார்த்தாள். இதுதான் என்று பட்டது. மற்றதை எடுத்தாள். அதுவும் இதுதான் என்று பட்டது. மறுபடி முதல் கல். இப்போது அது யாரோ வீட்டுக் கல் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷம் விரிப்புப் பிழிந்தவளிடம் இது எந்தக் கட்டில் விரிப்பு என்று ஒரு நாள் யாராவது கேட்டிருக்கிறார்களா? தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவு அதில் எழுதியிருக்கிற மாதிரி.

"இதுதான் என்னுது," என்று இடது பக்கக் கல்லைக் காட்டினாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுச் சீட்டு எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். அன்று அரைக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அரவையக்கா நேரே கடைக்குப் போனாள். புருஷன் ஒரு சாவியைப் பிடிக்கருவியில் கவ்வவைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"நிஜமாவே தெரிஞ்சு சொன்னியா?"

"அந்தப் பொண்ணு அழுதுடும் போலிருந்தது."

"அப்ப தெரியாமத்தான் சொல்லியிருக்கே." அவர் சாவியை எடுத்து ஊதினார். "இதுக்குத்தான் நான் போடற சாவி ஒவ்வொண்ணுலயும் தலைமேல ஒரு கீறல் போடறது. ஒரு தடவை மாத்திக் கொடுத்துட்டு அந்த வாத்தியார் வீட்டுல வாங்கின பேச்சு போதும். கல்லுல அந்தப் பொண்ணு எதையாவது கீறி வச்சிருக்கக் கூடாதா?"

"கல்லுல கீறினா ஆராய்ச்சி கெட்டுடுமாம்."

பேசிக்கொண்டே அவள் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். வேர்வையில் ஊறி அரித்தது. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மணிக்கட்டைக் கழுவினாள். கழுவும்போது கட்டைவிரல் காப்பின் அடிப்பக்கம் போயிற்று. உருண்டையாக இருந்த காப்பு அந்த இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு நெல் அகலத்துக்குப் புதுப் பித்தளை மினுங்கியது.

"என்னங்க, இது தேய்ஞ்சிருக்கு."

"தேயாம? எத்தனை வருஷக் காப்பு."

"ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. தேய்ஞ்சது எங்க போச்சு?"

"எங்க உரசுச்சோ அங்க போச்சு." அவர் பெட்டியின் அடித்தட்டைக் காட்டினார். அதில் மஞ்சள் மஞ்சளாக அரப்பொடி கிடந்தது. "என்னுதெல்லாம் இதோ இங்க கிடக்கு."

அரவையக்கா அந்த மஞ்சள் பொடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய கல்லில் பித்தளை இருக்கும். பழைய கல்லில் இருக்காது. பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் பார்க்கச் சொல்ல வேண்டுமென்றால் காப்பைக் காட்ட வேண்டும். காட்டினால் ஆறு மாத ஆராய்ச்சியும் பாழ். கழற்றிவிட்டேன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டு வைப்பது? ஒருவேளை கை காட்டிய கல்லே சரியாக இருந்தால்? சொல்லாமலே இருந்துவிடலாம். சரியாக இல்லாவிட்டால்? யோசிக்க யோசிக்க நூல்கண்டு இன்னும் சிக்கலாயிற்று.

"நீ காட்டினது சரிதான்னா வாயைத் திறக்காதே," என்றார் புருஷன். "சரிதானா?"

"தெரியலையே."

அவர் அடுத்த சாவியை எடுத்து மாட்டினார்.

சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் அந்தப் பெண் வந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும், வந்திருந்தாள். அரவையக்கா உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல், ரவிக்கைக் கையை ஏற்றிக் காப்பைக் காட்டினாள்.

"இதைக் கழட்டல டாக்டரம்மா. பொய் சொன்னேன். நேத்து காட்டினதும் தெரிஞ்சு காட்டல."

அந்தப் பெண் காப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி காப்பைப் பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அரவையக்காவுக்குத் தோன்றியது. பெண் எழுந்து போய், கணினியோடு இணைத்த பூதக்கண்ணாடியைப் போட்டாள். முதலில் 'புதிது' என்று சீட்டு ஒட்டிய கல், அதாவது அரவையக்கா தன்னுடையது என்று காட்டிய கல். திரையில் கல்லின் ஓரம் மலைமுகடு மாதிரி பெரிதாகத் தெரிந்தது. மெல்ல நகர்த்தினாள். மூன்று இடத்தில் மஞ்சள் கோடு.

"இருக்குக்கா," என்றாள். "நீங்க சரியாத்தான் காட்டியிருக்கீங்க."

அரவையக்கா ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஒரு பேச்சுக்குத்தான் அந்தப் பெண் அடுத்த கல்லை எடுத்து வைத்தாள். ஓரம் முழுக்க மஞ்சள். பத்து, இருபது, நாற்பது. அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அரவையக்கா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ரெண்டுலயும் எப்படிம்மா இருக்கும்?"

"ரெண்டுலயும் அரைச்சிருந்தா இருக்கும்."

"நீங்க கொடுத்த கல்லுலதானே அரைச்சேன்?"

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கொடுத்த கல்லுலதான் அரைச்சீங்க. தினமும் எடுத்துக் கொடுத்தது நான். போன வாரம் பழசு மேசையிலதான் இருந்தது, புதுசுக்குப் பக்கத்துல. போன்ல பேசிக்கிட்டே ஒரு நாள் எடுத்துக் கொடுத்தேன். சீட்டைப் பாத்தேனானு ஞாபகம் இல்ல."

அரவையக்கா கணக்குப் போட்டாள். ஆறு மாதம் அரைத்த கல்லில் நாற்பதுக்கு மேல். ஒரே நாள் அரைத்த கல்லில் மூன்று. அப்படியானால் மூன்று கோடு உள்ளதுதான் பழசு. தன்னுடையது என்று நேற்று எதைக் காட்டினாளோ அது. தன் கை, ஆறாயிரம் வருஷத்துக் கல்லை வைத்துக் கோழிக்கு மாவு அரைத்திருக்கிறது; அதன் பிறகு அதை என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறது. பயப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் நோட்டை இழுத்துத் திறந்தாள். அரைப்பவர் கையில் காப்பு இருந்தது என்று ஒரு வரி எழுதினாள். கல்லை மாற்றிக் கொடுத்தது நான் என்று அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள்.

"மறுபடி முதல்லேர்ந்தாம்மா?"

"வேற கல்லு, மறுபடி ஆறு மாசம். மேல இருக்கறவங்க ஒத்துக்கிட்டா."

"என்னையே வச்சுக்குவீங்களா, வேற ஆள் பாப்பீங்களா?"

"வேற ஆளோட ரவிக்கைக்குள்ள என்ன இருக்குன்னு நான் எங்கக்கா போய்த் தேடுவேன்?" என்றாள் அந்தப் பெண். முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். "ஆனா அந்தக் காப்பு எனக்கு வேணும். கல்லுல இருக்கறது அந்தப் பித்தளைதான்னு பக்கத்துல வச்சு நிரூபிக்கணும்."

ஒரு மணி நேரத்தில் அரவையக்கா கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள். புருஷன் சொன்னபடி இரண்டு நிமிஷ வேலைதான். தோலுக்கும் காப்புக்கும் நடுவில் ஒரு தகட்டைச் செருகி, ரம்பத்தை நாலு இழுப்பு இழுத்தார். காப்பு இருந்த இடத்தில் தோல் குழந்தையுடையது மாதிரி வெளுத்திருந்தது.

அந்தப் பெண் காப்பை ஒரு சின்னப் பையில் போட்டு மூடி, எண் எழுதிய சீட்டை ஒட்டினாள். பிறகு பழைய கல்லை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு காகிதச் சீட்டைக் கிழித்தாள்.

"காகிதம் வேணாம் டாக்டரம்மா," என்றாள் அரவையக்கா. "கல்லு மேலயே மையால எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

அவள் பழைய கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மை காயும்வரை விடவில்லை.