ரோகினியின் பெரட்டு

ரோகினி காலமாகிப் பதினாறு நாள் ஆகிறது. பத்திரிகைகள் 'ராப் பாடகி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. அவள் மேடைகளில் பதினெட்டு ஆண்டுகள் ட்ரம் மெஷின் இயக்கியவன் நான். அந்த ஒரு வரி போதாது.

மலேசியாவில் லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா செல்லம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். சிங்கப்பூருக்கு லோரி ஓட்டிய மாமா அர்ச்சுனன் ஒருமுறை பழைய கேசட்டுகள் கொண்டுவந்தார். அமெரிக்காவில் லத்தீன் குடும்பத்துப் பெண்கள் பாடிய ஃப்ரீஸ்டைல் பாடல்கள். தாளம் துள்ளி ஓடும். அதன்மேல் ஒரு பெண் காதலில் தோற்று அழுவாள். அழுதுகொண்டே ஆடலாம் என்பது ரோகினிக்குப் பிடித்துப்போனது. பதினேழு வயதில் கல்யாண விருந்துகளில் அந்த மாதிரித் தாளத்துக்குத் தமிழில் பாடினாள். பிறகு ராப்புக்கு வந்தாள். சிரம்பானில் ராப் பாடிய ஆண்கள் சிரித்தார்கள்.

"இது ராப்பா, ஜோகெட் ஆட்டமா?"

"ஆடிட்டுச் சொல்லு லா," என்பாள்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும், வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுப்பது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் "வந்துட்டேன்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பிந்தினால், பக்கத்தில் நிற்பவள் குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவாள். இல்லாவிட்டால் அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்கள். செல்லம் அதில் கெட்டிக்காரர். ரோகினி அந்தப் பெரட்டையே பாட்டாக்கினாள்: ஃப்ரீஸ்டைல் தாளம், மேலே தோட்டத்துப் பெண்கள் இருபது பேரின் பெயர்கள்.

அவள் பாடத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முகுந்தன் என்ற தயாரிப்பாளர் பாட்டைப் பதிவுசெய்ய முன்வந்தார். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்றார்.

"ரேடியோவுல தனலெட்சுமிய யாரும்மா தேடுவா? காதல் வரி போடு."

"பேரு போனா பாட்டே இல்லண்ணே."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சிரம்பான் மண்டபத்தில் ஒருமுறை பாடிப் பார்ப்பது. கூட்டம் பதில் கொடுத்தால் பெயர்கள் இருக்கும். கொடுக்காவிட்டால் காதல் வரி.

அன்று எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். தாளத்தை ஓடவிட்டேன்.

"தனலெட்சுமி."

ஒரு சத்தமும் இல்லை. தனலெட்சுமி இறந்து பத்து வருடமாகியிருந்தது. ரோகினி மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. முகுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று நான் கையை உயர்த்தினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து, மூக்கடைத்த ஒரு குரல் வந்தது. "வந்துட்டேன்யா."

செல்லம்தான். எழுந்திருக்கக்கூட இல்லை. மண்டபம் சிரித்தது. "மாரியம்மா" என்றதும் ஐம்பது பேர் பதில் சொன்னார்கள். "வள்ளிநாயகி" என்றபோது ஆண்களும் குரலை மாற்றிக் கத்தினார்கள். இருபது பெயரும் முடிந்த பிறகும் கூட்டம் விடவில்லை. அவரவர் அம்மா பெயரைச் சொல்லிக் கொடுக்க, ரோகினி ஒவ்வொன்றையும் தாளத்தில் வைத்துக் கூப்பிட்டாள்.

மேடைக்குப் பின்னால் முகுந்தன் வந்தார். "பேரு இருக்கட்டும். இன்னும் பத்து சேத்துக்க."

அந்தப் பாட்டு இல்லாமல் பிறகு கல்யாண விருந்து நடக்கவில்லை. நான்கு ஆல்பங்கள், சிங்கப்பூர் மேடைகள். சிரித்த ஆண்கள் அவளோடு ஒரு வரியாவது பாட வரிசையில் நின்றார்கள்.

சிரம்பான் ரஹாங்கில் இருந்த வீட்டிலிருந்து அவள் உடலைத் தூக்கும் நேரம் வந்தது. செல்லம் எல்லாரையும் கையமர்த்தினார். மண்டோரைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"ரோகினி."

வீட்டிலும் வாசலிலும் தெருமுனைவரை நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். "வந்துட்டேன்யா."

செல்லம் தலையாட்டினார்.

"சரி, தூக்குங்க. எம்மவளுக்கு எவனும் அர நாள் வெட்ட முடியாது."