படகோட்டி அட்டையின் விலை

ஆலையை மூடியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. விம்கோ நகரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தகர டப்பாவும் மூடியும் செய்கிற ஆலை அது. அங்கே நான் ஒர்க் ஸ்டடி பிரிவில் இருந்தேன். ஒரு வேலையைச் செய்ய ஒரு ஆளுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு அருகில் நின்று அளப்பேன். பிறகு ஒரு ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்று நார்ம் போட்டுக் கொடுப்பேன். பதினெட்டு வருஷம் இதைச் செய்தேன். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் தட்டை எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை அப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

ஆலை மூடுவதற்கு முந்தைய வருஷம்தான் என் மனைவிக்குத் திருவண்ணாமலைப் பக்கம் மாற்றல் வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை. மகளையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். "நீங்களும் வந்துடுங்களேன், இங்க என்ன இருக்கு?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும் கேட்டாள். "ஒரு வேலையைப் பார்த்துக்கிட்டு வரேன்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சொன்னேன். சம்பாதிக்கிற பெண்டாட்டியின் ஊரில், வேலையில்லாத புருஷனாகப் போய் இறங்க மனம் வரவில்லை. காலடிப்பேட்டை வாடகை வீட்டில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு குக்கர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதற்காகத்தான் முதலில் அந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேலே மாடியில், பலகைத் தடுப்பு வைத்த ஆறு கம்ப்யூட்டர். நடத்தியவர் முப்பத்தைந்து வயதுப் பெண். கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். யாரையும் அதட்டிப் பேசுகிற அந்தம்மாவுக்கு என் மேல் மட்டும் கொஞ்சம் இரக்கம். ஜன்னலோரத்து மெஷினை எனக்கென்று விட்டுவைப்பார்.

அந்தக் காலத்தில் ஒரு மெயில் பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படிக் காத்திருந்த ஒரு மதியம், எனக்கு முன்னால் இருந்தவர் மூடாமல் விட்டுப்போன ஒரு சீட்டாட்டம் திரையில் இருந்தது. ரம்மி மாதிரி இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், ஒரு வேலை, ஒரு விலை. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரனுக்குக் கொஞ்சம் சக்தி கிடைக்கும்; அதைக் கொடுத்துத்தான் அட்டையை இறக்க முடியும். சின்ன வீரனுக்கு ஒரு சக்தி, பெரிய அரக்கனுக்கு எட்டு. எதிரில் உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்து ஒருவர் ஆடுவார். அட்டையின் விலையும் அது செய்யும் வேலையும் பொருந்துகிறதா என்பதில்தான் ஆட்டமே இருந்தது. பத்து நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இது என் வேலை.

அதன் பிறகு தினம் போனேன்.

"இன்னா சார், வேலை தேட வந்தியா, சீட்டாட வந்தியா?" என்று ஒருநாள் அந்தம்மா கேட்டார்.

"ரெண்டுந்தான்."

"எதிர்ல ஆளு கீதா, இல்ல மிஷினு கூடவே ஆடிகினு கீறியா?"

"ஆளுதான்."

"எந்த ஊரு?"

"தெரியாதும்மா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது."

"நல்லா கீதே உன் தோஸ்து" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் கேட்டது ஆந்தையைப் பற்றி. பெயருக்குப் பதில் ஏதோ எழுத்தும் எண்ணும், பக்கத்தில் ஒரு ஆந்தைப் படம். அதனால் மனத்துக்குள் நான் ஆந்தை என்றே கூப்பிட்டேன். எங்கள் பழக்கம் ஆட்டத்தில் தொடங்கவில்லை, சண்டையில் தொடங்கியது.

அந்த ஆட்டத்துக்கு ஒரு ஃபோரம் இருந்தது. எந்த அட்டை அநியாயம், எதன் விலையை ஏற்ற வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் எழுதி எழுதிச் சண்டை போடுகிற பக்கம். ஆட்டத்தைச் செய்தவர்களும் அதைப் படிப்பார்கள், சில நேரம் பதில் போடுவார்கள். அப்போது பெரிய சண்டை படகோட்டி என்ற அட்டையைப் பற்றி. விலை இரண்டு. செத்துக் கழிந்துபோன ஓர் அட்டையை மறுபடியும் கைக்குக் கொண்டுவரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் எட்டு சக்தி அரக்கனைச் சாகவிட்டு, படகோட்டியால் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி இறக்கி, எதிராளியை மூச்சுவிட முடியாமல் செய்கிறவர்கள் பெருகியிருந்தார்கள். நானே அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

படகோட்டியின் விலையை நான்காக்க வேண்டும் என்று நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆலை ரிப்போர்ட் இங்கிலீஷ். 'மரியாதைக்குரிய ஐயா' என்று தொடங்கி, 'கீழ்க்கண்டவை தங்கள் கனிவான கவனத்துக்கு' என்று முடித்திருந்தேன். பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். பதினோராவதாக ஆந்தை எழுதியது. அது கேலி செய்யவில்லை.

"உங்கள் கணக்கு சரி. முடிவு தவறு. குற்றம் அரக்கனுடையது. அரக்கனின் விலையை ஏற்றுங்கள். படகோட்டியை விட்டுவிடுங்கள்."

நான் பதில் எழுதினேன். இன்று ஒரு அரக்கன், நாளை அவர்கள் புதிதாக இன்னொரு அரக்கனைக் கொண்டுவருவார்கள், ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே இருக்க முடியுமா, எல்லாவற்றுக்கும் வழிவிடுகிற அந்த ஒரு அட்டையைத் திருத்துவதுதான் முறை. அதற்கு ஆந்தை: "வழிவிடுகிற அட்டையால்தான் சின்ன அட்டைகளும் பிழைக்கின்றன." இப்படி இரண்டு மாதம் போனது. எனக்கு ஆலையில்கூட இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னவர் யாரும் இல்லை.

ஒருநாள் ஆந்தை என்னை ஆட்டத்துக்கு அழைத்தது. அது முதல் தினமும் மாலை நான்கு மணிக்கு ஆடினோம். ஆந்தையின் கையில் பெரிய அட்டை ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்தால்தான் பெரிய அட்டைகள் கிடைக்கும். ஆந்தை ஒருபோதும் வாங்கியதில்லை போலிருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற சின்ன வீரர்களை இறக்கும், அவர்கள் சாவார்கள், படகோட்டியை வைத்து ஒவ்வொருவராகத் திரும்பக் கூட்டிவரும். மெதுவான ஆட்டம். பத்தில் மூன்று ஜெயித்தால் அதிகம். ஆனால் ஜெயிக்கிற மூன்றும் பார்க்க அழகாக இருக்கும்.

ஆட்டத்துக்கு நடுவே ஒரு வரி, இரண்டு வரி எழுதிக்கொள்வோம். "இங்கே மழை" என்று ஆந்தை எழுதும். "இங்கே வெயில், கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்கின்றன" என்று நான் எழுதுவேன். "இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், காலைச் சாப்பாடு" என்று ஒருமுறை எழுதியது. இரவு வேலை என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கிடையே நான் விட்டுவிடவில்லை. நான் ஆடியதையும் பார்த்ததையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். படகோட்டி வந்த ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள், எந்தச் சுற்றில் அது இறங்கியது, அடுத்து என்ன வந்தது. பழைய கை, சும்மா இருக்காது. மூன்று நாள் உட்கார்ந்து நீளமான ஒரு கட்டுரையாகத் தட்டி ஃபோரத்தில் போட்டேன். இந்த முறை 'மரியாதைக்குரிய ஐயா' இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாக ஆமோதித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவரே வந்து எனக்கு நன்றி சொல்லி, படகோட்டியின் விலை நான்காகிறது என்று அறிவித்தார்.

அன்று மாடியிலிருந்து இறங்கி, டோல்கேட் வரைக்கும் நடந்தே போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாப்பில் பழைய ஆலை ஆள் ஒருவர் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு, வராத பஸ்ஸை எட்டிப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் நான்கு மணிக்கு ஆந்தை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் கட்டுரைக்குக் கீழே, நூற்றுக்கணக்கான பதில்களுக்கு நடுவில், அது எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "நன்றாக அளந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். எனக்கு வேறு அட்டைகள் இல்லை."

அந்த வரியைப் படித்தபோது பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்தப் பிரிவுக்கு நான் புது நார்ம் போட்டபோது, எல்லோரும் போன பிறகு வந்து நின்றார். "சார், உன் கடியாரத்துக்கு என் கையி தெரியுமா?" என்று கேட்டார். சராசரியை வைத்துத்தான் போட முடியும், தனித்தனியாகப் பார்க்க முடியாது என்று நான் விளக்கினேன். விளக்கம் சரியானதுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சில மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று யாரையும் நான் கேட்கவில்லை.

ஃபோரத்தில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. அரக்கனை வைத்து ஆடியவர்கள் ஒரே வாரத்தில், அரக்கனைத் திரும்பக் கொண்டுவர, காசுக்குக் கிடைக்கிற வேறொரு அட்டையைக் கண்டுபிடித்து, மறுபடி அதே அட்டகாசத்தைச் செய்தார்கள். படகோட்டியை யாரும் தொடவில்லை. நான் அளந்தது தவறு, படகோட்டியைப் பழையபடி ஆக்குங்கள், அரக்கனைப் பாருங்கள் என்று இன்னொரு கட்டுரை எழுதினேன். "தாத்தா தன் கட்டுரைக்கே மறுப்பு எழுதுகிறார்" என்று ஒருவர் போட்டார். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக என்னைத் தாத்தா என்றது அவர்தான். ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்: மாற்றியதை மாற்றுவதில்லை.

நான் ஆடுவதை நிறுத்திவிட்டு, நான்கு மணிக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார் மேட்டரு? மூஞ்சி பேஜாரா கீது."

சொன்னேன். படகோட்டி, அரக்கன், இரண்டு, நான்கு எல்லாவற்றையும். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, உன்னால அது ஆடவே முடியாம போயிடுச்சின்ற."

"ஆமா."

"அத்த அதுகிட்டயே சொல்லிட்டியா?"

"இல்ல."

"பின்ன? என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அதுக்கு எழுது. எங்க வூட்டுக்காரரு கப்பல்ல இருந்து மூணு மாசம் பேசலைன்னா நான் எழுதிகினுதான் இருப்பேன். பதிலு வரும்போது வரும்."

ஃபோரத்தில் தனியாகக் கடிதம் அனுப்ப வழி இருந்தது. நான் எழுதினேன். நான் மற்றவர்களோடு ஆடிய ஆட்டங்களையும் பெரிய அட்டைக்காரர்கள் ஆடிய ஆட்டங்களையும் மட்டுமே நோட்டில் எழுதினேன், நீங்கள் ஆடியதை ஒருநாளும் எழுதவில்லை, நீங்கள் என் எதிரிலேயே உட்கார்ந்து ஆடியும் அது எனக்குத் தோன்றவில்லை, மன்னியுங்கள் என்று. அனுப்பிவிட்டு, கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழெட்டு வாரம் ஒன்றும் இல்லை. அதற்குள் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் சென்டருக்குப் போக முடிந்தது. அப்படிப் போன ஒரு நாளில் பதில் வந்திருந்தது.

"அன்புள்ள நண்பரே, உங்கள் கடிதம் பார்த்து ஆச்சரியப்பட்டேன். நான் போனது படகோட்டியால் அல்ல. எனக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் இப்போது வர முடியாது. அந்த அட்டை எனக்குச் சலித்தும் போயிருந்தது. நலமாக இருங்கள். உங்கள் லாரிகள் நகரட்டும்."

இரண்டு தடவை படித்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வாரமும் நான் ஒருவரைக் காயப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காயப்படுத்தவாவது நான் யாருக்கோ முக்கியமாக இருந்தேன் என்று அதற்குள் ஒரு நினைப்பு எனக்கே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. அதுவும் இல்லை என்று தெரிந்ததும் திரை வெறும் திரையாகத் தெரிந்தது. வாழ்த்துச் சொல்லி ஒரு வரி எழுதினேன். அந்தம்மாவிடம் பதில் வந்துவிட்டதைச் சொன்னேன். "பாத்தியா!" என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது, மனைவி வழக்கமான விசாரிப்புகளை முடித்துவிட்டு, "குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

"கூட விளையாடுறவர் ஒருத்தர் வேலை மாறிப் போயிட்டார்."

"நீங்க யாரு கூட விளையாடுறீங்க?" அவள் குரலில் நிஜமான ஆச்சரியம்.

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் முதலிலிருந்து சொன்னேன். வெளியே காத்திருந்தவர் இரண்டு முறை கண்ணாடியைத் தட்டினார். அந்தப் பக்கம் அவள் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "படகோட்டிய விட்டுட்டு, அந்த அரக்கன் விலைய ஏத்தியிருந்தா சரியா இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியல. ஆடிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"ம்" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று மகள் கத்தியது கேட்டது. "அடுத்த வாரம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பூத்திலிருந்து வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு, விசில் வரும் வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.