மூக்கடியில் ஒரு விரல்

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் போன பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு காவலர். காக்கி உடுப்பு, முறுக்கிய மீசை. மடியில் அவருடைய நான்கு வயது மகன் குறட்டை விட்டுத் தூங்கினான். பிள்ளையின் மூக்கடியிலிருந்து அவர் விரலை எடுக்கவே இல்லை.

“நல்ல உறக்கம் போல,” என்று சிரித்தேன்.

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம் அண்ணாச்சி. ஏழாம் மாசமே பொறந்தவன். உறங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்.”

சொல்லும்போதே குறட்டை நின்றது. அவர் பேச்சும் நின்றது. பிள்ளை திடுக்கென்று மூச்சை இழுத்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

என் மகளும் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். அவள் குறட்டையைப் படம்பிடித்து, ‘அப்படியே தாத்தா’ என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டுச் சிரித்திருக்கிறோம்.

அவர் இறங்கியதும் அந்த வீடியோவைத் திறந்தேன். குறட்டைக்கு நடுவே இருந்த அமைதியை அன்றுதான் கேட்டேன்.