கதவைத் திறந்துவைத்துப் பார்க்கலாம்

எங்கள் தெருவில் வெளிநாட்டுப் படம் எதுவாக இருந்தாலும் முதலில் பார்ப்பது தேன்மொழிதான். அவள் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தங்கள் வீட்டு டிவியில் போடுவார்கள். சென்சார் ஆபீசில் இவளை வேலைக்கு வைத்தால் பாதிப் படம் வெளியே வராது என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன். அவளுக்குக் கோபம் வராது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

என் பெயர் சில்வியா. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. இங்கே பெரிய டிவி என் வீட்டில்தான். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து நான் குழம்பை இறக்குவதற்குள் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் நான் அழைத்ததில்லை. வராவிட்டால்தான் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

தேன்மொழி எனக்கு எதிர் வீடு. பாலக்கோடு தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. விடிவதற்கு முன்னே பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதற்குப் பிறகு காலை நீட்டிக்கொண்டு போனில் படம் பார்ப்பாள். தமிழில் பேசவிட்ட இங்கிலீஷ் படம், கொரியா படம் எதையும் விடமாட்டாள்.

பார்த்துச் சொல்லுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று, பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று டிவியில் ஏதோ ஒரு படத்தை ஓடவிட்டிருந்தார்கள். காபி கொடுக்கிற நேரம் பார்த்து அதில் இரண்டு பேர் முத்தம் கொடுக்க ஆரம்பித்து, கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரிமோட்டைக் காணவில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள். இது எந்தக் கம்பெனி ஃபேன் என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரித்தார். சம்பந்தம் அமைந்துவிட்டது. ஆனால் தேன்மொழிக்கு அந்த அவமானம் ஆறவில்லை. இனி எந்த வீட்டிலும் இப்படி நடக்கக்கூடாது என்று தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட ஆரம்பித்தாள்.

அவளிடம் மூன்றே தீர்ப்புதான். கதவைத் திறந்துவைத்துப் பார்க்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம், பார்க்கவே வேண்டாம். எங்கள் பக்கம் பகலில் வாசல் கதவைச் சாத்துகிற பழக்கம் இல்லை. தயிருக்கு வருகிறவர், கறிவேப்பிலை கேட்டு வருகிறவர், சும்மா வருகிறவர் என்று யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் ஓடலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு சங்கதி. அவள் கணக்கில் அசிங்கம் என்றால் முத்தமும் அரைகுறை உடையும்தான். கத்தி, துப்பாக்கி, ரத்தமெல்லாம் அவள் தராசில் ஏறாது. அவளை மட்டும் குற்றம் சொல்வானேன், தெருவே அப்படித்தான். மாரியம்மன் பண்டிகையில் நடுத்தெருவில் கிடா வெட்டுவார்கள், பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கும். டிவியில் ஒருத்தி ஒருத்தன் தோளில் சாய்ந்தால் மட்டும் எல்லோரும் ரிமோட்டைத் தேடுவோம்.

இனி அம்பிகாவைச் சொல்ல வேண்டும். தேன்மொழி வீட்டை ஒட்டிய வீடு. அவள் புருஷன் முத்துராஜ் அதியமான்கோட்டையில் பெரிய ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வண்டி நிறுத்துவதில் வந்த வாய்த்தகராறில் யாரோ இரண்டு பேர் குடிபோதையில் அவனைக் குத்திவிட்டார்கள். கடை வாசலிலேயே உயிர் போய்விட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. சாவு என்றால் போன் பண்ணினால் மட்டும் போதாது, ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறவர் உள்ளே போய் உட்கார மாட்டார். வாசலில் நின்று, இன்னார் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, "வரேன்" என்ற வார்த்தை இல்லாமல் திரும்பிவிடுவார். ஒன்றுவிட்ட பங்காளி வீட்டுக்குக்கூட அப்படிப் போவார்கள். சொந்தப் பெண்டாட்டியான அம்பிகாவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஆளுக்கு ஆள், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். அவள் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கடை வாசலில் கிடந்தவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். பகலிலும் சாத்தியிருந்த ஒரே கதவு அது. தேன்மொழிதான் விடாமல் போய்த் தட்டுவாள். கீரை கொடுப்பாள், தக்காளி கொடுப்பாள், திட்டு வாங்குவாள், மறுபடியும் போவாள். ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பிகாவை என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். நாய்க்குட்டி தொலைந்துபோகிற ஒரு படம் ஓடியது. அம்பிகா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதிலிருந்து வாராவாரம் வந்தாள்.

போன ஆடி மாதம் ஒரு அமெரிக்கப் படம் வந்தது. பனி கொட்டுகிற ஊர், கடத்தல் கும்பல், ஒருத்தன் தன் தம்பியைக் கொன்றவர்களைத் தேடித் தேடிப் பழி வாங்குகிறான். சேலத்தில் படிக்கிற பையன்கள் சொல்லி எல்லோருக்கும் அதைப் பார்க்க ஆசை. அந்த வாரம் மண்டியில் தக்காளி வரத்து அதிகம், தேன்மொழிக்கு நிமிரவே நேரமில்லை. நேரம் இல்லாதபோது அவள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள். படத்தை விரலால் தள்ளிக்கொண்டே போவாள், பெண் யாராவது வருகிற இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்ப்பாள். இந்தப் படத்தில் பெண்களே அத்தி பூத்தாற்போல. சனிக்கிழமை குழுவில் அவள் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. படம் பாத்துட்டன். நல்ல விறுவிறுப்பு. ஒரு முத்தம்கூட இல்லைங்க, கையப் புடிக்கிறதுகூட இல்ல. தாராளமா கதவத் தொறந்து வெச்சிப் பாக்கலாம்."

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். அம்பிகா சுவரில் சாய்ந்து, மடியில் வேர்க்கடலையோடு உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு குடோன் வருகிறது. வாசலில் காவலாளி ஒருத்தன், நடு வயசு, டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காருகிறான். இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவன் வயிற்றில் குத்துகிறார்கள். நிதானமாக, பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் காட்டினார்கள். டப்பா உருண்டு போகிறது. அவ்வளவுதான், அடுத்து வேறு இடம், வேறு ஆட்கள்.

நான் திரும்பி அம்பிகாவைப் பார்த்தேன். ரிமோட் என் கையிலேயே இருந்தது, ஆனால் விரல் நகரவில்லை. தேன்மொழி எழுந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அம்பிகா கத்தவில்லை. கடலைத் தோலை முந்தானையில் சேர்த்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த ஆளு வூட்ல யாராச்சும் போயி சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. "எந்த ஆளு?" என்றேன் நான்.

"டப்பா வெச்சிருந்த ஆளுதான். டப்பா கட்டிக் குடுத்தவ ஒருத்தி இருப்பால்ல. அவகிட்ட யாராச்சும் சொன்னாங்களா, இல்லையா? தேனு, நீதான முழுசா பாத்த, சொல்லு."

அம்பிகா போய்விட்டாள். அவள் கதவைச் சாத்துகிற சத்தம் என் கூடம்வரை கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கதவு தேன்மொழிக்குத் திறக்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். குழுவில் அடுத்த படத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பதில் இல்லை. வியாழக்கிழமை மதியம் மண்டியிலிருந்து வந்தவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அந்தப் படத்த மறுபடியும் போடுங்க. தள்ளாம பாக்கணும்."

வாசல் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பார்த்தோம். ஆரம்பம் முதல் கடைசிவரை. எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. கதாநாயகனின் தம்பிக்கு மட்டும் பெரிய சவ அடக்கம், மழை, குடை, பூ எல்லாம் இருந்தது. காவலாளி பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. அவன் வீடு எங்கே என்று காட்டவில்லை. படம் முடிந்ததும் தேன்மொழி போனை எடுத்துப் பதிவு போட்டாள்.

"நான் போன வாரம் சொன்னது தப்புங்க. முத்தம் இல்லைன்னு மட்டும்தான் பாத்தன். இதுல ஆளுங்கள ரொம்பக் கொல்றாங்க. செத்தவங்க வூட்டுக்கு ஒருத்தரும் போயி சொல்லல. பாக்கவே வேணாங்க."

சரி, மன்னிப்பு கேட்டாகிவிட்டது, அம்பிகாவும் கேட்பாள், ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். தேன்மொழி எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குதுங்கக்கா," என்றாள்.

முத்துராஜ் செத்த அன்று மண்டியில் யாரோ போனில் அந்தப் போட்டோவை இவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள், அம்பிகாவிடம் சொல்வதற்கென்றே. அம்பிகா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்து, "என்னா தேனு, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்ட?" என்று கேட்டிருக்கிறாள். இவள் "தலவலி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அம்பிகா போனுக்கு அந்தப் போட்டோ வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். "ரெண்டு வருஷமா கீரையும் தக்காளியும் குடுத்து இதத்தான் மூடி வெச்சியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்களும் வாங்கக்கா. தனியா போனா மறுபடியும் திரும்பிடுவன்."

போனோம்.

கதவைத் தட்டியபோது நான் குரல் கொடுத்ததால் அம்பிகா திறந்தாள். உள்ளே வரச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினாள். தேன்மொழி படியேறவில்லை. வெயிலில் தெருவிலேயே நின்றாள்.

"அம்பிகா, உன் வூட்டுக்காரர அதியமான்கோட்டையில கத்தியால குத்திட்டாங்க," என்றாள். "முத்துராஜண்ணன் போயிட்டாருங்க."

அம்பிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிற மாதிரி கேட்டாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருஷமாக அழாத அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என்னாலும் முடியவில்லை, நானும் அழுதேன்.

தேன்மொழி முறைப்படி "வரேன்" என்று சொல்லாமல் திரும்பி நடந்தாள். அவள் வீட்டுப் படியில் கால் வைக்கப் போகும்போது அம்பிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"தேனு."

அவள் நின்றாள்.

"அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தே எனக்கு ஏதோ தெரிஞ்சுது. நீயே சொல்லுவன்னு இருந்தன்." பிறகு "தலவலி இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"இன்னும் விடல," என்றாள் தேன்மொழி.

"உள்ள வா, காபி போடறன்," என்றாள் அம்பிகா. நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். கதவை யாரும் சாத்தவில்லை.